நூறு வரவேணும், நாற்பத்தொன்பதுதான் வந்தது

"பச்சை நிறத் தூள் கறுப்பு நிறமாக மாறும். வெளிவரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால் நிறமாக்கும்."

இந்த இரண்டு வசனமும் எங்களுக்கு மனப்பாடம். சாதாரண தரத்துக்குப் படித்த காலத்தில் சேர் கரும்பலகையில் ஒரு கொதிகுழாய், அதிலிருந்து வளைந்துபோகும் ஒரு குழாய், கீழே ஒரு சுவாலை கீறினார். நாங்களும் கொப்பியில் கீறினோம். அடிமட்டம் வைத்துக் கீறினவைக்கு 'நன்று' கிடைத்தது. பிறகு பரீட்சை வந்தது, எழுதினோம், புள்ளியும் வந்தது. நாங்கள் நாலு பேர் இப்ப கலைப்பீடத்தில் இருக்கிறோம். அந்தப் பச்சைத் தூளை நாலு பேரில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை.

இந்த விசயம் எங்களுக்கு வெட்கமாகப் பட்டது அண்மையில்தான். சனிக்கிழமைகளில் ஒரு கிராமத்து நூலகத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ், வரலாறு எங்களுக்குப் பிரச்சினையில்லை. விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லாததால் அதையும் நாங்களே பழைய கொப்பிகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தோம். செப்பு காபனேற்றின் வெப்பப் பிரிகை வந்த நாள், தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அக்கா, அது என்ன பச்சை? வாழையிலைப் பச்சையோ, பாசிப் பச்சையோ?" என்று கேட்டாள்.

எங்களுக்குத் தெரியவில்லை. "அது ஒரு மாதிரிப் பச்சை" என்று சமாளித்தோம். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்களைக் கொஞ்சம் சுட்டுவிட்டது.

அலுமாரிக்குள் இருக்கிற விஞ்ஞானம்

அப்படியென்றால் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆய்வுகூடம் இருந்தது. கட்டடம் நல்லது, மேசைகள் நல்லது. கண்ணாடிச் சாமான்கள் அலுமாரிக்குள், அலுமாரிக்குப் பூட்டு. விஞ்ஞானம் படிப்பிக்கிற மிஸ் நல்ல மனுசி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னா: "பிள்ளையள், உடைஞ்சா இருப்புப் புத்தகத்தில நான்தான் கணக்குக் காட்டவேணும்."

இதை அவவின் பிழையாக நாங்கள் சொல்லவரவில்லை. ஒரு பாடவேளை 40 நிமிசம். வகுப்பில் 40க்குக் கிட்டப் பிள்ளைகள். பாடத்திட்டம் முடிக்கவேண்டும். ஒரு கொதிகுழாய் வெடித்தால் அதற்குப் பின்னால் கடிதம், கையொப்பம், விளக்கம். உடையாமல் இருக்கிற ஒரே வழி பாவிக்காமல் இருப்பது. அதனால் எங்கட நாட்டில் நிறையக் கண்ணாடிக் குழாய்கள் பத்து, பதினைந்து வருசம் சுகதேகியாக வாழ்ந்துவிட்டுப் போகின்றன.

ஒருவழியாக, உடைந்தால் நாங்களே வாங்கித் தருவோம் என்று எழுதிக் கொடுத்துச் சாவியை வாங்கினோம். ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

பன்சன் சுடரடுப்புக்கு வாயு இல்லை. ஸ்பிரிட் விளக்கு இருந்தது. செப்பு காபனேற்றுக்கு அது போதும், 300 பாகை செல்சியசுக்குக் கிட்டப் போனாலே பிரிந்துவிடும். ஆய்வுகூடத் தராசுக்குப் படிக்கற்கள் காணாமல் போயிருந்தன. எங்களில் ஒருவரின் மாமாவிடம் நகை நிறுக்கிற சின்ன இலத்திரனியல் தராசு இருந்தது, 0.01 கிராம் வரை காட்டும். போக்குகுழாய்க்கு மருந்துக் கடையில் வாங்கின சேலைன் குழாய். ஒரு பிளாஸ்ரிக் பேசினில் தண்ணீர், அதற்குள் நிரப்பிக் கவிழ்த்த 100 மில்லிலீற்றர் அளவுச் சாடி. சுண்ணாம்பு நீருக்கு வெத்திலைச் சுண்ணாம்பை, பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, அடையவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்தோம்.

போத்தலைத் திறந்தபோது அந்தப் பிள்ளை முதலில் எட்டிப் பார்த்தாள். "கிளிப்பச்சையை வெயிலில காயவிட்டமாதிரி" என்றாள். அவளுடைய கேள்விக்கு அவளே விடை சொல்லிவிட்டாள்.

முதல் குழாய் வெடித்தது

கணக்கை முதலே போட்டு வைத்திருந்தோம். எங்களில் ஒருத்தி உயர்தரத்தில் ஆறு மாதம் உயிரியல் பிரிவில் இருந்துவிட்டுக் கலைக்கு மாறினவள், மூல் கணக்கு இன்னும் மறக்கவில்லை. செப்பு காபனேற்றின் ஒரு மூல் ஏறத்தாழ 124 கிராம். நாங்கள் எடுக்கப்போவது 0.50 கிராம். எங்கட வெக்கையில், 30 பாகையில், ஒரு மூல் வாயு 25 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் பிடிக்கும். ஆகவே சுமார் 100 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டு வரவேண்டும். சாடி சரியாக நிரம்பும். கணக்கு அவ்வளவு அழகாக வந்தது.

சூடாக்கினோம். சாடிக்குள் குமிழிகள் மளமளவென்று ஏறின. தூள் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள், நாங்களும் கத்தினோம் என்பதை ஒத்துக்கொள்கிறோம். குமிழி நின்றதும் விளக்கை எடுத்தோம். அடுத்த சில செக்கனில் பேசின் தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறிப்போய்ச் சுடுகுழாய்க்குள் பாய்ந்தது. டக். கொதிகுழாய் அடியில் பிளந்தது.

ஏன் என்று பிறகு விளங்கியது. சூடான குழாய்க்குள் இருந்த காற்று குளிரும்போது சுருங்கும், சுருங்கின இடத்துக்குத் தண்ணீர் இழுபடும். கொப்பியில் 'சுவாலையை அகற்ற முன் குழாயை நீரிலிருந்து எடுக்கவேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அதையும் நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். மனப்பாடம் கைக்கு வரவில்லை.

ஆனால் குழாயை வெளியே எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சூட்டில் விரிந்து சாடிக்குள் போன காற்று அங்கேயே நின்றுவிடும், அதையும் காபனீரொட்சைட்டு என்று வாசித்துவிடுவோம். கொஞ்ச நேரம் மண்டையை உடைத்த பிறகு வழி கிடைத்தது. சேலைன் குழாய் வளையும்தானே. விளக்கை எடுக்கிறதுக்கு முதல் அதன் நுனியைச் சாடிக்குள்ளேயே மேலே தள்ளி, வாயு இருக்கிற இடத்தில் வைத்தோம். இப்ப குளிரும்போது தண்ணீர் போகாது, விரிந்த அளவு வாயுதான் திரும்பிப் போகும். எல்லாம் ஆறின பிறகு சாடியின் உள் தண்ணீர் மட்டத்தையும் வெளி மட்டத்தையும் சமப்படுத்தி வாசித்தோம்.

47 மில்லிலீற்றர்.

ஒழுக்கு என்று நினைத்தோம். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம், குமிழி ஒன்றும் இல்லை. திரும்பச் செய்தோம். 51. இன்னொரு தரம். 49.

"98 எண்டு எழுதுவம்"

இந்தக் கட்டுரை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான்.

மூன்றாவது வாசிப்பு வந்தபோது எங்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "பிள்ளையளுக்கு 98 எண்டு எழுதச் சொல்லுவம். நூறு எண்டா நம்பமாட்டினம். 98 எண்டா நம்புவினம்."

அவன் பகிடி விடவில்லை. நாங்களும் உடனே மறுக்கவில்லை. ஒரு நிமிசம் அது எங்களுக்குச் சரியாகத்தான் பட்டது. ஏனென்றால் நாங்கள் பழகினது அதுதான். விடை முதலே இருக்கிறது. பரிசோதனை அந்த விடைக்குச் சாட்சி சொல்ல வருகிற ஆள். சாட்சி மாறிச் சொன்னால் சாட்சியைத் திருத்தவேண்டும். அதுவும் கெட்டித்தனமாக, கொஞ்சம் வழு சேர்த்து, உண்மை மாதிரித் தெரியத் திருத்தவேண்டும்.

பள்ளிக்கூடத்தோடு இந்தப் பழக்கம் நிற்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். கலைப்பீடத்தில் நாங்களும் ஆய்வு செய்கிறோம். 50 வினாக்கொத்து கொடுக்கவேண்டும் என்றால் 38 கொடுத்துவிட்டு, மிச்சம் 12ஐ மரத்துக்குக் கீழே இருந்து வேறு வேறு பேனையால் நிரப்பின ஆட்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கருதுகோள் 'நிரூபிக்கப்பட்டது' என்று முடிகிற ஆய்வுகள்தான் அதிகம். 'நாங்கள் நினைத்தது பிழை' என்று முடிகிற ஒரு ஆய்வேட்டை எங்கட பற்ச்சில் ஒருத்தரும் இன்னும் கையளிக்கவில்லை. எல்லாரும் எப்போதும் சரியாகவே நினைக்கிறோமாம்.

அந்த 98 எழுதப்படாமல் போனதற்கு நாங்கள் காரணமில்லை. அந்தப் பிள்ளைதான். கொதிகுழாயின் மேற்பக்கத்தைக் காட்டி, "அக்கா, இதில தண்ணித்துளி நிக்குது. ஆர் விட்டது?" என்றாள்.

துளி எங்கிருந்து வந்தது

முதல் குழாய்க்குள் பேசின் தண்ணீர் பாய்ந்தது உண்மை. ஆனால் இது நாலாவது குழாய், காய்ந்தது. தூள் ஈரமாக இருந்திருக்கும் என்றோம். ஒருமுறை வெயிலில் வைத்து எடுத்த தூளைச் சூடாக்கினோம். திரும்பவும் துளி.

பாதியில் கலைக்கு மாறின தோழி சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். செப்பு, காபன், ஒட்சிசன். இந்த மூன்றும் மட்டுமே இருக்கிற ஒரு பொருளிலிருந்து தண்ணீர் எப்படி வரும்? தண்ணீருக்கு ஐதரசன் வேண்டும். கொப்பியில் இருக்கிற சமன்பாட்டில் ஐதரசன் இல்லை. குழாயில் இருக்கிறது. இரண்டில் ஒன்று பிழை. குழாய் பொய் சொல்லாது.

போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். பாதி கிழிந்த லேபிளில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் 'பேசிக்' என்ற சொல் இருந்தது. காலையிலும் அதைப் பார்த்திருந்தோம். 'சாதாரணமானது' என்று விளங்கிக்கொண்டு கடந்துபோயிருந்தோம். அது 'மூல' என்ற பொருளில் இருந்த சொல். பள்ளிக்கூடங்களில் செப்பு காபனேற்று என்று இருக்கிற பச்சைத் தூள் தனிச் செப்பு காபனேற்று இல்லை. செப்பு காபனேற்றும் செப்பு ஐதரொட்சைட்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்த சேர்வை. செம்புக் குடத்தில் பிடிக்கிற பச்சைக் களிம்பிலும், மலக்கைற்று என்ற பச்சைக் கல்லிலும் இருப்பது இதே சேர்வைதான். சூடாக்கினால் செப்பு ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் வரும்.

கணக்கைத் திரும்பப் போட்டோம். இதன் ஒரு மூல் 221 கிராம். 0.50 கிராமுக்கு வரவேண்டிய வாயு 100 இல்லை, சுமார் 56 மில்லிலீற்றர்.

எங்கள் வாசிப்புகள் 47, 51, 49. இப்ப அவை பைத்தியக்கார எண்களாகத் தெரியவில்லை.

சும்மா நம்பக்கூடாது என்று இன்னொரு வழியிலும் பார்த்தோம். 2.00 கிராம் தூளை எடுத்து, வாயுவைப் பிடிக்காமல், முழுக்கக் கறுக்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு நிறுத்தோம். கொப்பிச் சமன்பாடு சரியென்றால் 1.29 கிராம் மிஞ்சவேண்டும். லேபிள் சரியென்றால் 1.44. தராசு 1.45 காட்டியது. வாயுவும் தராசும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே கதையைச் சொல்லின.

மிச்சம் ஏழு மில்லிலீற்றர் எங்கே? காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரையும், பேசினில் கரைந்திருக்கும் என்று நினைத்தோம். நிரூபிக்க, பேசின் தண்ணீரில் சுண்ணாம்பு நீரை விட்டோம். பால் நிறம் வந்தது. கைதட்டப் போகிற நேரத்தில் ஒரு பொடியன், "சும்மா கிணத்துத் தண்ணிக்கும் விட்டுப் பாப்பமே" என்றான். விட்டோம். அதுவும் பால் நிறம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற வன்நீர், அதில் கரைந்திருக்கிற இருகாபனேற்றும் சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து வெள்ளையாகும். ஆகவே அந்தச் சோதனை எங்களுக்கு ஒன்றையும் சொல்லவில்லை. ஏழு மில்லிலீற்றரும் கரைந்திருக்கும் என்பது இன்னமும் எங்கட ஊகம்தான். கொப்பியிலும் 'ஊகம்' என்றே எழுதினோம்.

270 வருசத்துக்கு முந்திய ஒரு மாணவன்

பிறகு வாசித்துப் பார்த்தபோது ஒரு பழைய கதை கிடைத்தது. 1754இல் எடின்பரோவில் ஜோசப் பிளாக் என்ற 26 வயது மருத்துவ மாணவன் பட்டத்துக்காக ஒரு ஆய்வேடு கொடுக்கிறான். சிறுநீர்ப்பையில் வருகிற கல்லுக்கு மருந்து தேடப்போய், வெள்ளை மகனீசியா என்ற தூளைச் சூடாக்கிப் பார்த்தவன். அதுவும் ஒரு காபனேற்று. சூடாக்கினால் அதன் நிறையில் பன்னிரண்டில் ஏழு பங்கு காணாமல் போனது. மூடின பாத்திரத்தில் சூடாக்கி, வெளியே வருவதைப் பிடித்துப் பார்த்தால் கொஞ்சத் தண்ணீர்தான் இருந்தது. காணாமல் போன நிறைக்கு அந்தத் தண்ணீர் காணாது.

கணக்கு ஒத்துவரவில்லை. அந்த ஒத்துவராத மிச்சத்தை அவன் தள்ளிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாயு போயிருக்கவேண்டும் என்று முடிவுக்கு வந்து, அது திடப்பொருளுக்குள் கட்டுண்டு கிடந்த காற்று என்று விளக்கி 1756இல் எழுதினான். நாங்கள் இன்றைக்குக் காபனீரொட்சைட்டு என்று சொல்வது அதைத்தான். நாங்கள் மூச்சு விடும்போது வெளியே வருவதும் அதுவே என்று சுண்ணாம்பு நீரை வைத்துக் காட்டினவனும் அவன்தான்.

எங்களை அவனோடு ஒப்பிடவில்லை. அவன் இல்லாத விடையைத் தேடினான், நாங்கள் லேபிளை வாசிக்கத் தவறினோம். ஆனால் 'நிறை குறைஞ்சது, பரவாயில்லை, சரியாத்தான் இருக்கும்' என்று அந்த மாணவன் எழுதியிருந்தால், மனப்பாடம் பண்ண எங்களுக்கு அந்த இரண்டு வசனமும் இருந்திருக்காது.

பாடத்தைச் செய்யாமல் சித்தியடைதல்

எங்களில் ஒருத்தி உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்தவள். பரீட்சகர் முன்னால் இருந்து பாடித்தான் புள்ளி எடுத்தாள். நடனம் எடுத்தவர்கள் ஆடிக் காட்டவேண்டும். ஆனால் உயர்தர இரசாயனவியலுக்கு இரண்டு வினாத்தாள், இரண்டும் எழுத்து. பரிசோதனை பற்றிக் கேள்வி வரும், விடை எழுதலாம், பரிசோதனை செய்திருக்கத் தேவையில்லை. பாடாமல் சங்கீதத்தில் 'ஏ' எடுக்க ஏலாது. ஒரு குழாயைச் சூடாக்காமல் இரசாயனவியலில் 'ஏ' எடுக்கலாம். இதில் எது கலை, எது விஞ்ஞானம் என்று எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்களில் இரண்டு பேர் படித்தது 1சி பள்ளிக்கூடங்களில். அங்கே உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. 1ஏபி பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ் மாறவேண்டும், இல்லாவிட்டால் விடுதிக் காசு வேண்டும். 'நீங்கள் ஏன் கலை எடுத்தனீங்கள்?' என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: எடுக்கவில்லை, அதுதான் இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தோடு இருக்கிற கடைசிச் சந்திப்பு சாதாரண தரம். அந்தச் சந்திப்பிலும் அலுமாரி பூட்டியிருந்தால், ஆயுள் முழுக்க விஞ்ஞானம் என்பது வேறு யாரோ சொன்னதை நம்புகிற விசயமாகவே இருக்கும்.

நம்பிப் பழகின சனத்துக்கு என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறோம். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியானது. வரிசையில் நின்ற எல்லாரும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள்தான். 'எத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தது? குடிக்காதவைக்கு என்ன நடந்தது?' என்ற இரண்டு கேள்வியும் அந்த வரிசையில் வரவில்லை. 'சும்மா கிணத்துத் தண்ணிக்கும் விட்டுப் பாப்பமே' என்று கேட்ட பொடியன் அங்கே நின்றிருந்தால் கேட்டிருப்பான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

'இப்ப எல்லாம் யூரியூப்பில இருக்குத்தானே, அதில காட்டினாக் காணாதா?' என்று கேட்பார்கள். காணாது. வீடியோவில் குழாய் வெடிக்காது. வீடியோவில் எப்போதும் 100தான் வரும். 49 வருகிறபோது என்ன செய்வது என்பதை வீடியோ படிப்பிக்காது.

சாமான் விலை என்பார்கள். 2022க்குப் பிறகு எல்லாம் விலைதான், உண்மை. ஆனால் நாங்கள் பாவித்தவற்றில் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது தூளும் கண்ணாடியும் ஸ்பிரிட் விளக்கும் மட்டுமே. மற்றதெல்லாம் குசினி, மருந்துக் கடை, மாமாவின் தராசு. நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. கேட்பது மூன்று விசயம். ஒன்று, மாணவர் கையில் உடைகிற கண்ணாடிக்கு ஆசிரியர் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு நடைமுறை: வருசத்துக்கு இத்தனை உடையலாம் என்று ஒதுக்கிவிடட்டும். இரண்டு, செய்முறைக்குக் கொஞ்சமாவது புள்ளி. அதுவும் 'என்ன வரவேண்டும்' என்பதற்கில்லை, 'உனக்கு என்ன வந்தது, ஏன் அப்படி வந்திருக்கும்' என்பதற்கு. மூன்றாவது எங்களுக்கே: எங்கட ஆய்வேடுகளில் அந்த 12 வினாக்கொத்தை இனி நிரப்புவதில்லை. 38 என்றால் 38.

மூன்றாவதுதான் கஷ்டம். 38 என்று எழுதினால் மேற்பார்வையாளர் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் இந்த அரையாண்டில் அப்படித்தான் கையளிக்கப் போகிறார்கள். புள்ளி குறைந்தால் அதையும் இங்கே எழுதுவோம்.

போன சனிக்கிழமை

உடைந்த கொதிகுழாய்க்குப் பதிலாகப் புதியது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் சாவி கேட்டோம். மிஸ் இந்த முறை தானும் வந்தா. பிள்ளைகள் ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்திருந்தார்கள், யாரோ கிணறு வெட்டின இடத்தில் பொறுக்கினது. கல்சியம் காபனேற்று. "இதையும் அளப்பம்."

பொடியாக்கி, நிறுத்து, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தோம். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்தன, அது விரிந்த காற்று. அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அரை மணித்தியாலம் பிடித்தோம். நிறமும் மாறவில்லை. ஆறவிட்டு வாசித்தபோது அந்தக் குமிழிக் காற்றும் திரும்பிப் போயிருந்தது.

எங்கட காலுக்குக் கீழே இருக்கிற இந்தக் கல்லை வைத்துத்தான் காங்கேசன்துறையில் சீமெந்து செய்தார்கள் என்று மிஸ் சொன்னா. அந்தத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி, 1990இல் யுத்தத்தோடு நின்றது. இந்தக் கல் பிரிய 900 பாகைக்குக் கிட்ட வேண்டும். பிரியும்போது 100 கிலோ கல்லில் 44 கிலோ காற்றோடு போய்விடும். உலகத்தில் சீமெந்து செய்வதால் வருகிற காபனீரொட்சைட்டில் அரைவாசிக்கு மேல் எரிபொருளில் இருந்து வருவதில்லை, இப்படிக் கல்லுக்குள் இருந்தே வருகிறது. எங்கட விளக்குக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கப்போகிறது?

பத்தாம் வகுப்புப் பிள்ளை கொப்பியை விரித்தாள். பக்கத்தில் இருந்தவள், "ஒண்டும் வரேல்லத்தானே, என்னத்தை எழுதிறது?" என்று கேட்டாள்.

"ஒண்டும் வரேல்ல எண்டு எழுது" என்றாள். எழுதினாள்: வாயு 0 மில்லிலீற்றர். நேரம் 30 நிமிசம். விளக்கு: ஸ்பிரிட்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வுகூட அலுமாரியின் சாவி இப்ப யாரிட்ட இருக்கு? ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோ. ஒரு கொதிகுழாயும் வாங்கிக்கொண்டு போங்கோ.